ஐந்து விக்கெட்டும் இருபது விக்கெட்டும்

இங்கிலாந்தில் காலை 11 மணிக்குக் கவுண்டி (மாவட்ட அணிகளின் நான்கு நாள் கிரிக்கெட்) ஆட்டம் தொடங்கும்போது சிங்கப்பூரில் மாலை 6. பல கவுண்டிகள் யூடியூபில் இலவசமாகவே ஒளிபரப்புவதால், வேலை முடிந்து வரும் எம்ஆர்டி ரயிலிலேயே முதல் ஓவரைப் பார்த்துவிடலாம். அன்றிரவு தேக்கா காப்பிக்கடையில் பேச்சு வந்தால், தோற்ற அணிக்காக எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "பிட்ச் செத்துப்போச்சு, பௌலர் என்ன பண்ணுவான்?" பாதிக்கு மேல் இது தவறான தீர்ப்பு என்பது என் கருத்து.

2022 ஜூலையில் லெஸ்டர் கிரேஸ் ரோடில் நடந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். லெஸ்டர்ஷர் முதல் இன்னிங்ஸில் 584. கிளமோர்கன் 5 விக்கெட்டுக்கு 795 அடித்து டிக்ளேர் செய்தது. சாம் நார்த்ஈஸ்ட் ஆட்டமிழக்காமல் 410, கிறிஸ் குக் ஆட்டமிழக்காமல் 191. இருவரும் பிரியாமல் சேர்த்தது 461. கடைசி நாளில் லெஸ்டர்ஷர் 183க்குச் சுருண்டு, இன்னிங்ஸ் மற்றும் 28 ரன்னில் தோற்றது. அதே 22 கெஜத்தில், அதே நான்கு நாளில், ஒரு அணி 20 விக்கெட் எடுத்தது. மற்ற அணியால் ஐந்துக்கு மேல் முடியவில்லை. பிட்ச் செத்தது என்றால் இருவருக்கும்தானே செத்திருக்க வேண்டும்?

பந்துவீச்சு பலவீனமான அணிக்குப் பிட்ச் தயாரிப்பதே ஒரு சிக்கல். புல்லை விட்டுப் பச்சையாக வைத்தால் எதிரணியின் சீமர்கள் (தையலை வைத்துப் பந்தை விலக்கும் வேகக்காரர்கள்) நம் சீமர்களைவிட நன்றாகப் பயன்படுத்துவார்கள். மூன்று நாளில் கதை முடிந்துவிடும். மொட்டையாக வழித்து வைத்தால் தோல்வி தள்ளிப்போகும், ஆனால் வெற்றி வராது. வெற்றிக்கு 16 புள்ளி. பந்துவீச்சு போனஸோ முதல் 110 ஓவருக்குள் 3, 6, 9 விக்கெட் என்ற படிகளில்தான் கிடைக்கும், மொத்தமே மூன்று புள்ளி. மொட்டைப் பிட்சில் அந்த மூன்றையும் இழந்துவிட்டு டிராவோடு வீடு திரும்பும் அணி, பட்டியலில் ஏறவே ஏறாது.

பிட்ச் எப்படிச் செத்துப்போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கவுண்டித் தரப் பிட்சின் மண்ணில் களிமண் ஏறக்குறைய 30 சதவீதம் இருக்கும். களிமண் காயும்போது சுருங்கி இறுகும். அந்த இறுக்கம்தான் பௌன்ஸ், அதாவது பந்து எழும்பும் உயரம். ஆட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே புல்லைக் குறைத்து, நன்றாக நனைத்து, காயக் காய முதலில் இலகுவான ரோலர், பிறகு கனமான ரோலர் என்று உருட்டிக்கொண்டே போவார்கள். மண் சப்பாத்தி மாவு பதத்தில் இருக்கும்போது உருட்டினால்தான் ஆழம் வரை இறுகும். அதிக ஈரத்தில் உருட்டினால் மண் நகர்ந்து மேடு பள்ளமாகும். காய்ந்தபின் எவ்வளவு உருட்டினாலும் மேல்தோல் மட்டும்தான் பளபளக்கும்.

மறைந்திருக்கும் கோளாறு இன்னொன்று உண்டு. செப்டம்பர் முடிந்ததும் பிட்சைக் கீறி, விதை போட்டு, மேலே புது மண் பரப்புவார்கள். பழைய மண்ணும் புது மண்ணும் வேறு வேறு அளவில் சுருங்குபவையாக இருந்தால், நடுவே ஓர் இடைவெளி விழும். புல்லின் வேர் அதைத் தாண்டி இறங்காது. அடியில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி மேலே கொண்டுவர ஆளில்லை. மேலே காய்ந்து, கீழே சொதசொதவென்று இருக்கும் பிட்சில் பந்து முழங்காலைத் தாண்டாது. இதை ஒரு சீசனில் சரிசெய்ய முடியாது. தோண்டிப் புதிதாக மண் போட வேண்டும்.

ஏப்ரல் மாத நிலைமை இதற்கு நேர்மாறு. குளிரில் புல் நீரை இழுப்பதில்லை, மேற்பரப்பு மெத்தென்று இருக்கும். முதல் நாள் பந்து விழும் இடத்தில் சின்னக் குழி விழும். வெயில் வந்தால் அந்தக் குழிகள் அப்படியே இறுகி, இரண்டாம் மூன்றாம் நாளில் ஒரு பந்து எகிறும், அடுத்தது உருளும். சிங்கப்பூரில் லீக் ஆடுபவர்களில் பலர் பாய் விரித்த தளத்திலோ செயற்கைத் தளத்திலோ பழகியவர்கள் என்பதால், ஒரே பிட்ச் நாளுக்கு நாள் குணம் மாறுவது திரையில் பார்க்கும்போது புதிராகத் தோன்றலாம்.

பந்தும் கணக்கில் வரும். இங்கிலாந்தில் வழக்கமாகப் பயன்படும் டியூக்ஸ் பந்தின் ஆறு வரித் தையலும் கையால் தைத்தது. புடைத்து நிற்கும், நெடுநேரம் தேயாது. கூக்கபுரா என்ற ஆஸ்திரேலியப் பந்தில் நடு இரண்டு வரி மட்டும்தான் கைத்தையல், மற்றவை இயந்திரம். இருபது ஓவருக்குள் தையல் படுத்துவிடும். கூக்கபுரா பயன்படுத்திய 2025 சுற்று ஒன்றில், ஓவலில் டர்ஹமுக்கு எதிராக சர்ரே 9 விக்கெட்டுக்கு 820 அடித்தது. டாம் சிப்லி 305. மணிக்கு 125 கிலோமீட்டரில் தையலை நம்பிப் போடுபவருக்கு, தையல் போனால் கையில் எதுவும் மிஞ்சாது.

பந்துவீச்சு ஏன் மெலிகிறது? சின்னக் கவுண்டிகள் வளர்க்கும், பெரிய மைதானக் கவுண்டிகள் அறுவடை செய்யும். ஸ்டூவர்ட் பிராட் லெஸ்டர்ஷரிலிருந்து நாட்டிங்ஹாம்ஷர் போனார். பென் ரெய்ன் டர்ஹமுக்குப் போனார், சாக் சாப்பெல்லும் நாட்டிங்ஹாம்ஷருக்கே. மிஞ்சியவர்களில் முதுகெலும்பில் அழுத்த முறிவு வந்து ஒருவர் உட்கார்ந்தால், மற்ற மூவர் தலையில் ஓவர் ஏறும். அடுத்து அவர்களில் ஒருவர் உட்காருவார்.

வெளியிலிருந்து ஒரு பெரிய பெயரைக் கொண்டுவந்தால் போதுமா? நம் அஸ்வின் 2019இல் நாட்டிங்ஹாம்ஷருக்காக ஐந்து ஆட்டத்தில் 34 விக்கெட் எடுத்தார். அந்த சீசனில் அணி ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. மட்டையும் சரியில்லை என்பது உண்மை. ஆனாலும் ஒரு முனையில் அவர் இறுக்கிப் பிடிக்கும்போது மறுமுனையில் ஓவருக்கு நாலு போனால் அழுத்தம் எங்கே சேரும்? சாமர்செட்டின் டாண்டனில் ஜாக் லீச், டாம் பெஸ் என்று இரண்டு பேர் இருந்ததால்தான் சுழல் பிட்சுக்குப் பொருள் இருந்தது. அங்கேயும் 2019இல் எசெக்ஸ் ஆட்டத்தில் பிட்ச் எல்லை மீறிப்போக, சாமர்செட்டின் புள்ளிகள் வெட்டப்பட்டன.

வேகம் இல்லாத அணிக்கு என் பரிந்துரை: புல் சீராக, ஈரம் குறைவாக, மண் கெட்டியாக இருக்கட்டும். அதில் லென்த் (பந்து விழும் தூரம்) ஸ்டம்பிலிருந்து ஆறு முதல் ஏழு மீட்டர், லைன் (பந்து போகும் திசை) ஆஃப் ஸ்டம்பின் உச்சி. 125க்குக் கீழே போடுபவருக்குக் கீப்பர் ஸ்டம்பை ஒட்டி நிற்கட்டும். மட்டையாளர் கிரீஸை விட்டு வெளியே வந்து, தையலால் பந்து விலகுமுன் அடித்துவிடுவது நின்றுவிடும். 80 ஓவரில் புதுப் பந்து வரும்போது முன்னணி பௌலர் ஒருவருக்காவது அரைமணி ஓய்வு கிடைத்திருக்க வேண்டும். 78ஆவது ஓவர் வரை அவரையே ஓட்டிவிட்டுப் புதுப் பந்தைக் கொடுப்பதில் பயனில்லை.

லெஸ்டர்ஷர் இந்த வழியில்தான் எழுந்தது. 2025இல் இரண்டாம் பிரிவை முதலிடத்தில் முடித்து மேலே ஏறியபோது, இயன் ஹாலண்ட், பென் கிரீன் போன்ற மிதவேகக்காரர்களின் கட்டுப்பாடும், ரெஹான் அகமதின் லெக் ஸ்பின்னும் சேர்ந்து வேலை செய்தன. அடுத்த ஏப்ரலில் மாலை 6 மணிக்கு ஒளிபரப்பைத் திறந்தால் ஸ்கோரைப் பார்க்குமுன் கீப்பரின் கையுறையைப் பாருங்கள். பந்து இடுப்பு உயரத்தில் வந்து சேருகிறதா, தரையில் ஒருமுறை பட்டு வருகிறதா என்பது முதல் ஐந்து ஓவரிலேயே தெரிந்துவிடும். இடுப்பு உயரத்தில் வந்தும் ஸ்லிப்புக்கு ஒரு விளிம்பும் போகவில்லை என்றால், அன்றைய குறை மண்ணில் இல்லை.