30 மீட்டர்ல 60 பார்

அந்தமான் போயிட்டு வந்து மூணு வாரம் ஆச்சு, போட்டோ எல்லாம் அன்னைக்கே போட்டாச்சு, ஆனா ரெண்டாவது நாள் ஸ்கூபா டைவ் பத்தி மட்டும் யார்கிட்டயும் வாய் திறக்கல, வீட்ல கூட. இப்ப சொல்லிடணும்னு தோணுது. பெங்களூர்ல நம்ம ஆளுங்க லாங் வீக்கெண்ட் வந்தா கர்நாடகா பக்கம் நேத்ராணி தீவு, பாண்டி, அந்தமான்ல ஹேவ்லாக்னு டைவ் பண்ண கிளம்பிடறாங்க, அதுல நிறைய பேர் கையில இருக்கறது என்கிட்ட இருக்கற அதே ஓப்பன் வாட்டர் கார்டுதான், முதல் கோர்ஸ் முடிச்சா குடுக்கறது.

அந்த கார்டுக்கு 18 மீட்டர்தான் எல்லை. அடுத்த கோர்ஸ் அட்வான்ஸ்ட் முடிச்சா 30. இது எனக்கு நல்லாவே தெரியும். முதல் நாள் சின்ன ரீஃப், தண்ணி கண்ணாடி மாதிரி, ஆமை ஒண்ணு பக்கத்துலயே நீந்திட்டு போச்சு. சாயங்காலம் கடையில "நாளைக்கு ஒரு டீப் சைட் போறோம், நீங்க ரெண்டு பேரும் நல்லா பண்றீங்க, வரலாமே"ன்னு கேட்டாங்க. நானும் ஃப்ரெண்டும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பார்த்தோம், சரின்னுட்டோம். கூட்டிட்டு போனது அவங்க தப்புதான், ஆனா ஃபார்ம்ல கடைசி டைவ் எப்பன்னு கேட்ட இடத்துல 14 மாசத்தை "6 மாசத்துக்குள்ள"ன்னு எழுதினது என் கை. உண்மையை எழுதியிருந்தா முதல்ல ரெஃப்ரெஷர், அதாவது மறந்ததை திரும்ப பழகுற கிளாஸ், பண்ண சொல்லியிருப்பாங்க.

இறங்கினோம். கரண்ட் கொஞ்சம் இருந்துச்சு, ஃபின் அடிச்சு அடிச்சு மூச்சு வாங்குது. 29 மீட்டர்ல மீன் கூட்டம் சுவரு மாதிரி நிக்குது, எனக்கு ஒரே சந்தோஷம், எல்லாமே நல்லா போற மாதிரி ஒரு நினைப்பு. சிலிண்டர்ல காத்து எவ்வளவு மிச்சம்னு காட்டுற கேஜை பார்த்தேன், 80 பார், முழுசா இருந்தா 200. நம்பர் கண்ணுல பட்டுச்சு, ஆனா அது குறைவா நிறையவான்னு மண்டையில ஏறவே இல்ல, திரும்ப பார்க்க வேண்டியிருந்துச்சு. அந்த ஆழத்துல நைட்ரஜன் மூளைய லேசா மயக்கும்னு கிளாஸ்ல படிச்சிருக்கேன், மயக்கத்துல இருக்கறவனுக்கு தான் மயக்கத்துல இருக்கறது தெரியாதுங்கறது அன்னைக்குதான் புரிஞ்சுது. அப்பதான் ஃப்ரெண்ட் கைய பிடிச்சு அவன் கேஜை காட்டினான். 60. கைடு இன்னும் மூணு பேரோட முன்னாடி போயிட்டு இருந்தாரு, டேங்க்ல தட்டி கூப்பிட்டோம், நல்ல வேளை திரும்பினாரு, பார்த்த உடனே கட்டைவிரலை மேல காட்டிட்டாரு, டைவ் முடிஞ்சுது, மேல போகலாம்னு அர்த்தம். 5 மீட்டருக்கு வரும்போது அவன்கிட்ட 10 பார். என் டேங்க்ல அவசரத்துக்கு இருக்கற ரெண்டாவது மவுத்பீஸ், ஆக்டோபஸ்ஸ, வாயில வச்சுக்கிட்டு நான் போட்டிருந்த பிசிடி ஜாக்கெட் ஸ்ட்ராப்ப பிடிச்சிட்டு 3 நிமிஷம் நின்னான், அவன் கண்ணு மாஸ்க்குக்குள்ள எப்படி இருந்துச்சுன்னு எழுத வரல.

பெங்களூர் வந்ததும் அல்சூர்ல இருக்கற ஒரு அண்ணாகிட்ட சொன்னேன், வருஷக்கணக்கா டைவ் பண்றவரு. டீக்கடையில உட்கார வச்சு கேட்டாரு, "50 பார் இருக்கும்போது மேல வந்துடலாம்னு சொன்னாங்கல்ல தம்பி, அது உனக்கு மட்டும் கணக்கா, உன் ஃப்ரெண்டுக்கும் சேர்த்தா?" பதில் இல்ல என்கிட்ட. பில்லு பின்பக்கம் எழுத ஆரம்பிச்சாரு. நம்ம சிலிண்டர் 11 லிட்டர், 200 பார்ல 2,200 லிட்டர் காத்து. தண்ணிக்கு மேல நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கறவன் 30 மீட்டர்ல 80 லிட்டர் இழுப்பான், அங்க அழுத்தம் நாலு மடங்கு. பயந்துட்டா அதுவே டபுள். ஒருத்தன் காத்து தீர்ந்து ரெண்டு பேரும் ஒரே டேங்க்ல மூச்சு விட்டா நிமிஷத்துக்கு 320. 50 பார்னா 550 லிட்டர், ரெண்டு நிமிஷம் கூட தாங்காது. நிமிஷத்துக்கு 9 மீட்டர் வேகத்துல ஏறவே மூணு நிமிஷத்துக்கு மேல ஆகும், நடுவுல உடம்புல சேர்ந்த நைட்ரஜன் வெளிய போக 5 மீட்டர்ல 3 நிமிஷம் நிக்கணும். கீழ ஒரு நிமிஷம் தடுமாறுறது, ஏறுறது, நிக்கறது எல்லாம் கூட்டினா 1,350 லிட்டர் கிட்ட வருது, அதாவது 120 பாருக்கு மேல. "120ல நீங்க திரும்பியிருக்கணும்பா"ன்னாரு. நான் கேஜை பார்த்தப்பவே 80. அந்த நேரத்துல அவனுக்கு காத்து நின்னிருந்தா என் டேங்க் ரெண்டு பேருக்கும் பத்தியிருக்காது, அதை நினைச்சா இன்னும் தூக்கம் வரல.

எனக்கு கைடு மேல கோவம் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். புதுசா ஒருத்தரை எங்க கூட்டிட்டு போறோம்னு அவருக்கு தெரியும். ஆனா படகுல உட்கார்ந்து ஃபின் மாட்டுற வரைக்கும், ஏன், தண்ணிக்குள்ள கூட, கட்டைவிரலை காட்டி எனக்கு போதும்னு சொல்ல யாருக்கும் உரிமை இருக்கு, காரணம் சொல்லக் கூட வேண்டாம். காசு கட்டியாச்சு, கூட இருக்கறவங்க டைவ் கெடும்னு நினைச்சு நான் காட்டல.

அந்த பில்லை லாக் புக்ல ஒட்டி வச்சிருக்கேன். ஜனவரில நானும் அவனும் நேத்ராணி போறோம், 18 மீட்டருக்குள்ளதான், ரெஃப்ரெஷரும் சேர்த்து. முருடேஸ்வர்ல இருந்து படகு. டைவ் முடிச்ச அன்னைக்கே நைட் பஸ் ஏறி திரும்பறதுதான் எல்லாரும் பண்றது, ஆனா பெங்களூர் கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டருக்கு மேல இருக்கு, உடம்புல நைட்ரஜன் இருக்கும்போது மலை ரோடு ஏறுறதும் ஃப்ளைட் ஏறுற மாதிரிதான், மேல அழுத்தம் குறைஞ்சா அது குமிழியா மாறலாம், ரெண்டு நாள் டைவ் பண்ணா 18 மணி நேரமாவது விடணும்னு அண்ணா சொன்னாரு. அதனால சண்டே ராத்திரி அங்கயே தங்கறோம், மண்டே லீவ் போட்டாச்சு.