புகைக்கு நடுவே வசனப் பயிற்சி

விடியற்காலையில் எழுந்து குரல் பயிற்சி செய் என்றுதான் நடிப்பு சொல்லித்தருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஆலைகளுக்கு நடுவில் குடியிருப்பவனுக்கு அந்த நேரம் ஆகவே ஆகாது. இரவில் தரை குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடும். மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மூடி போட்ட மாதிரி நிற்க, லாரிப் புகையும் தாழ்வான புகைபோக்கிகளின் புகையும் கலைய வழியில்லாமல் வீட்டு உயரத்திலேயே தங்கிவிடும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் அது மேலே கிளம்பும். அதுவரை நான் வாய் திறப்பதில்லை.

கந்தக நெடி அடிக்கிற நாளில் நீள வசனங்களைத் தொடவே மாட்டேன். அந்த நெடியில் இருக்கும் சல்பர் டை ஆக்சைடு வாயு மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் பாடு இன்னும் மோசம். அன்றைக்குக் கண்ணாடி முன் நடை, பார்வை, கை அசைவு மட்டும்.

வகுப்பில் மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தச் சொல்கிறார்கள். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் அடிவரை போகும் என்று தெரிந்தபின், அப்படி இழுக்கவே மனம் கூசுகிறது. இந்தத் துகள்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன ஆண்டுச் சராசரி வரம்பு, கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம்தான்.

ஆடிஷனுக்கு வீடியோ எடுத்து அனுப்புவது தனிப் போராட்டம். ஜன்னலைத் திறந்தால் கம்ப்ரஸர் இரைச்சல், மூடினால் முகமெல்லாம் வேர்வை. போன் லென்ஸை விரலால் துடைத்தால் விரல் நுனி கறுக்கிறது. போன வாரம் வந்த காட்சியில், மகன் அப்பாவிடம் தணிந்த குரலில் ஒரே ஒரு வரி பேச வேண்டும். கத்திப் பேசும் காட்சியாக இருந்தால் சமாளித்திருப்பேன். குரல்நாண் லேசாக வீங்கியிருந்தாலும் உரக்கப் பேசும்போது அவ்வளவாக வெளியே தெரியாது. தணித்தால் காற்று கசியும், சொல் பாதியில் உடையும். தொண்டையைக் கனைத்தால் நாண்கள் மோதி இன்னும் புண்ணாகும் என்பதால் ஒரு மடக்குத் தண்ணீர், கொஞ்சம் மௌனம், மறுபடியும் அந்த வரி. கடைசியில் வந்தது, நான் நினைத்த மாதிரியே.

இடத்தை மாற்று என்கிறார்கள் நண்பர்கள். நான் போய்விடலாம். கீழ்வீட்டு அக்கா நாள் முழுக்க வகுப்பெடுக்கிறவர், அவருக்கும் இதே கரகரப்பு. அவர் பையன் இரவெல்லாம் இருமுகிறான். காற்று மாசின் அளவைத் தினமும் தெருவில் எழுதி வைக்க வேண்டும் என்று எங்கள் தெருக்காரர்கள் மனு எழுதியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதை வாசிக்கப்போவது நான்தான்.