வெள்ளவத்தையில் நான் செய்த ஓவர்டிரைவ் பெடல்

நண்பர்களோடு சேர்ந்து வாசிக்கும்போது என் கிட்டார் எப்போதும் கீபோர்டுக்கும் பேஸுக்கும் நடுவில் அமுங்கிப்போகும். ஆம்ப்பைக் கூட்டினால் பாடுபவரின் குரல் கேட்காது. மெதுவாக மீட்டினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் லேசாகக் கரகரத்து முன்னுக்கு வருவதாகவும் ஓர் ஒலி வேண்டியிருந்தது. அதற்குத்தான் ஓவர்டிரைவ் பெடல், கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் வைத்துக் காலால் மிதிக்கும் சின்னப் பெட்டி. உள்ளே நடப்பதைப் புரிந்துகொண்டு, என் கிட்டாருக்கு ஏற்றபடி நானே ஒன்றைச் செய்ய ஆசைப்பட்டேன்.

1970களின் கடைசியில் வந்த ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமரின் சர்க்கிட்டை அடிப்படையாக எடுத்துக்கொண்டேன். ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சிப் ஒன்று கிட்டாரின் சிக்னலைப் பெருக்குகிறது. அதன் வெளியீட்டை மறுபடி உள்ளீட்டுக்குக் கொண்டுவரும் பின்னூட்டப் பாதையில், ஒரு திசையில் மட்டும் மின்னைக் கடத்தும் டயோட்கள் எதிரெதிராக இருக்கும். சிலிக்கன் டயோட் ஏறத்தாழ 0.6 வோல்ட்டில் நன்றாகக் கடத்தத் தொடங்கும். அதற்கு மேல் பெருக்கம் சட்டென்று குறைந்து, அலையின் உச்சி மழுங்கும். நாம் கேட்கும் கரகரப்பு அதுதான். பின்னூட்டப் பாதையிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் வழியில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், பின்னூட்டத்தில் 51 கிலோ ஓமோடு டிரைவ் என்ற திருகியாக 500 கிலோ ஓம் பொட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) ஒன்று. டிரைவைத் திருகும்போது பெருக்கம் சுமார் 12 மடங்கிலிருந்து 118 மடங்கு வரை ஏறும்.

சாமான் வாங்கக் கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனேன். கடைக்காரரிடம் அந்த ஆப்-ஆம்ப் சிப்பை, “நானா, 4558 இருக்கா?” என்று கேட்டதும், “இருக்கு தம்பி, ஆம்ப் போர்டுக்கா?” என்று கேட்டுக்கொண்டே இழுப்பறையைத் திறந்தார். கிட்டார் பெடலுக்கு என்றதும் அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. ரெசிஸ்டர், கெபாசிட்டர், 1என்4148 டயோட் எல்லாம் அங்கேயே கிடைத்தன. காலால் மிதிக்கும் ஒன்பது முனை சுவிட்சையும் அலுமினியப் பெட்டியையும் மட்டும் வெளியிலிருந்து வரவழைத்தேன்.

உண்மையான வேலை, சோல்டர் இல்லாமல் பாகங்களைச் செருகி மாற்றிப் பார்க்கும் பிரெட்போர்டில்தான் நடந்தது. 9 வோல்ட்டை இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் பாதியாக்கி, 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை வைத்து நிலைப்படுத்தினேன். அப்புறம் கிட்டாரை மாட்டி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மாற்றி, ஒரே வரிசைக் கோர்டுகளைத் திரும்பத் திரும்ப வாசித்துக் கேட்டேன். முதலில் சிப். 4558ஐ எடுத்துவிட்டு டிஎல்072 என்ற வேறொரு ஆப்-ஆம்ப் போட்டேன். என் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பழைய சிப்புக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பதே என் அபிப்பிராயம். டயோட்களை மாற்றியபோது வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. சிவப்பு எல்ஈடி போட்டால் மழுங்குவதற்கு முன் சிக்னலுக்கு நிறைய இடம் கிடைக்கும், ஒலியும் பெரிதாகும், ஆனால் கரகரப்பு குறைந்துவிடும். 1977இல் வந்த பாஸ் ஓடி-1இல் இருப்பதுபோல் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று வைத்தபோது கிடைத்த ஒலி எனக்குப் பிடித்துவிட்டது.

எல்லாவற்றையும்விட அதிகம் மாற்றியது ஒரு சின்னக் கெபாசிட்டர். 4.7 கிலோ ஓமோடு தொடராக இருக்கும் 0.047 மைக்ரோஃபாரட்தான் அது. இரண்டும் சேர்ந்து சுமார் 720 ஹேர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைக் குறைக்கின்றன. கீழ்ச் சுரங்கள் முழுப் பலத்தோடு டயோட்களுக்குப் போனால் கோர்டு சேறாகிவிடும். அதனால்தான் இந்த வெட்டு. ஆனால் என் கிட்டாரில் தந்தியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பிக்கப் ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) வகை, ஏற்கெனவே மெலிந்த ஒலி. 0.1 போட்டதும் எல்லை சுமார் 340 ஹேர்ட்ஸுக்கு இறங்கியது, ஆறாவது தந்திக்கு உடம்பு வந்தது. 0.22 போட்டால் மறுபடி கலங்கல். 0.1ஐ வைத்துக்கொண்டேன். பெடல் கட்ட நினைப்பவர்கள் சிப்பையும் டயோடையும் பற்றி விவாதிப்பதற்கு முன்னால் இந்த ஒரு பாகத்தை மாற்றிக் கேட்டுப் பாருங்கள்.

செப்புக் கோடுகள் உள்ள வீரோபோர்டுக்கு மாற்றி சோல்டர் செய்தது நிதானமான வேலை, அவ்வளவுதான். திறந்த போர்டில் ஹம் என்ற ரீங்கார இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. உள்ளீட்டில் 1 மெகா ஓம் இருப்பதால் அந்தக் கம்பி சுற்றியிருக்கும் 50 ஹேர்ட்ஸ் கரண்ட் இரைச்சலை இழுத்துக்கொள்ளும். ஜாக்கிலிருந்து போர்டுக்கு ஷீல்ட் கம்பி போட்டு, எல்லாவற்றையும் அலுமினியப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கிரவுண்டோடு இணைத்ததும் அது அடங்கியது. இங்கே கடற்காற்றில் உலோகம் சீக்கிரம் கறுத்துவிடுவதால் ஜாக்குகளில் மட்டும் காசு பார்க்கவில்லை.

இப்போது டிரைவைக் கால்வாசியிலும் வொலியூமை முக்காலிலும் வைத்து வாசிக்கிறேன். தனி வாசிக்கும்போது கீபோர்டையும் தாண்டிக் கிட்டார் கேட்கிறது. பேஸ் வாசிக்கும் நண்பன் தனக்கும் ஒன்று கேட்கிறான். பேஸுக்கு இதே பெறுமதிகள் சரிவராது. அந்தக் கெபாசிட்டரை 0.47 வரை ஏற்றி, கரகரக்காத சிக்னலையும் பக்கத்தில் கலந்து அனுப்ப வேண்டும். அந்தக் கலவைப் பகுதியைப் பிரெட்போர்டில் தொடங்கியிருக்கிறேன்.