டிவில பாத்து வாங்குன சுகர் வியாதி பவுடர், 3,990 ரூபாய திருப்பி வாங்குன கதை

காலைல சாமி பாட்டு முடிஞ்சதும் அரை மணி நேரம் ஒரு விளம்பரம் ஓடும்ல, அத பாத்துட்டு எங்கம்மா எனக்கு தெரியாம சுகர் பவுடர் ஆர்டர் பண்ணிட்டாங்க. 3,990 ரூபா, கேஷ் ஆன் டெலிவரி. 45 நாள்ல மாத்திரையே வேணாம், குணமாகலன்னா பணம் வாபஸ்னு சொன்னானாம். நம்பி மாத்திரைய நிறுத்திட்டாங்க, மூணாவது வாரம் தலை சுத்துதுன்னு லேப்ல பாத்தா சாப்பாட்டுக்கு அப்புறம் 380. டாக்டர் திட்டுனதுல பாதி எனக்கு.

கம்பெனிக்கு போன் போட்டா "சார், டப்பாவ பிரிக்காம இருந்தாதான் ரிட்டர்ன்"ங்கறான். பிரிக்காம எப்படிப்பா குணமாகும்னு கேட்டேன், லைன் கட்.

மறுநாள் விளம்பரத்த போன்ல வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்தி பாத்தா, கீழ எறும்பு ஊர்ற மாதிரி ஒரு வரி, ரிசல்ட் ஆளுக்கு ஆள் மாறும்னு, அதுவும் இங்கிலீஷ்ல. விளம்பரம் எந்த மொழியோ டிஸ்க்ளைமரும் அதே மொழில இருக்கணும்னு 2022லயே கைட்லைன்ஸ் வந்தாச்சு. அத விடுங்க, சுகர குணமாக்கும்னு விளம்பரம் பண்றதே 1954 மருந்து விளம்பர சட்டப்படி குத்தம், எனக்கே அப்புறம்தான் தெரியும்.

முதல்ல தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர் 1915க்கு போன் போட்டேன், தமிழ்லயே பேசுனாங்க, புகார் நம்பர் மெசேஜ்ல வந்துச்சு. ஆனா அவங்க கம்பெனிகிட்ட கேக்கத்தான் முடியும், கட்டாயப்படுத்த முடியாது. மூணு வாரம் பதிலே இல்ல.

சரின்னு மாவட்ட நுகர்வோர் கோர்ட். கம்பெனி வடக்க எங்கயோ இருக்கு, ஆனா 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல நாம குடியிருக்கற ஊர்லயே கேஸ் போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்ல. அம்மா பேர்ல நானே டைப் பண்ணி கொண்டுபோனா பக்க நம்பர் போடல, இண்டெக்ஸ் இல்லன்னு திருப்பிட்டாங்க, எதிர்ல ஜெராக்ஸ் கடை அண்ணன்தான் எல்லாத்தையும் அடுக்கி நூல் கட்டி குடுத்தார். கூரியர் கவர்ல இருந்த அட்ரஸுக்கு போன நோட்டீஸ் ஆள் இல்லன்னு திரும்பி வந்துச்சு. டப்பாவுக்கு அடியில வேற அட்ரஸ் இருந்துச்சு, அதுக்கு அனுப்புனதுதான் போய் சேந்துச்சு.

சேந்த நாலாவது நாளே போன், "சார் கேஸ வாபஸ் வாங்கிக்கோங்க". பணம் மொதல்ல வரட்டும்னேன். லேப், டாக்டர் செலவெல்லாம் சேத்து 7,000 அக்கவுண்ட்ல ஏறுனப்புறம்தான் வாபஸ் மெமோ குடுத்தேன். விளம்பரத்த நிறுத்த வைக்கறது டெல்லில இருக்கற மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தோட வேலை, அவங்களுக்கு வீடியோவோட தனியா எழுதி போட்டுருக்கேன்.

பணம் வந்த அன்னைக்கு அம்மா கேட்டது ஒண்ணுதான், அந்த டப்பாவ திருப்பி அனுப்பணுமான்னு. மூடி நல்லா டைட்டா இருக்காம், வெந்தயம் போட்டு வைக்கலாமாம்.