முட்டை செக்‌ஷனில் ஒரு அப்ரண்டிஸ்: ஓசூர் நாட்குறிப்பு

20 ஜனவரி 2025, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து மறுபடியும் ஆறு மணி பஸ், தடுப்பூசி கம்பெனிக்கு. அத்திப்பள்ளி டோல்கேட்டில் வழக்கமான நெரிசல். பஸ்ஸில் பாதிப் பேருக்குத் தெலுங்கு, மீதிப் பேருக்குக் கன்னடம். சீட்டுக்குச் சண்டை வந்தால் மட்டும் எல்லாருக்கும் தமிழ் வந்துவிடும்.

ஊரில் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "வேலையா, ட்ரெய்னிங்கா?" தொழில் பழகுநர் என்றால் யாருக்கும் பிடிபடுவதில்லை. அப்பா மட்டும் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: ஒரு வருஷப் பயிற்சி, மாதம் 9,000, அதில் பாதி மத்திய அரசு கொடுக்குது. 1961ஆம் வருஷச் சட்டம் அது. முதலில் ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு இருந்ததில் 1973இல்தான் இன்ஜினியரிங் படித்தவர்களைச் சேர்த்தார்கள். என்னைப் போல பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி ஆட்களுக்குக் கதவு திறந்தது அதற்கும் வெகுகாலம் கழித்து.

9,000த்தில் ஹாஸ்டலுக்கு 5,500 போகிறது. அரசு பங்கான 4,500 நேராக என் கணக்குக்கு வரவேண்டும். டிசம்பருக்கு உரியது இன்னும் வரவில்லை.

23 ஜனவரி, வியாழன்

கவுனிங் பரீட்சை, அதாவது சுத்த அறைக்கான உடுப்பைச் சரியாகப் போட்டுக் காட்டுவது. தலைமூடி, முகமூடி, முழு உடுப்பு, பூட்ஸ், இரண்டு அடுக்குக் கையுறை. எதுவும் தரையில் படக்கூடாது, உடுப்பின் வெளிப்பக்கத்தை வெறும் கை தொடக்கூடாது. போட்டு முடித்ததும் விரல் நுனி, முன்கை, நெற்றி, மார்பு என்று ஒவ்வோர் இடத்திலும் அகர் பிளேட்டை ஒற்றி எடுத்தார்கள். அதில் கிருமி முளைத்தால் ஃபெயில்.

பூ, பொட்டு, மை, பவுடர் எதுவும் கூடாது. கூட வந்த ஆந்திரப் பெண்ணுக்குப் பொட்டை எடுக்க மனசே இல்லை, பாவம். மனிதத் தோலிலிருந்து உதிர்வதுதான் சுத்த அறைக்கு முதல் எதிரி என்று தரம் பார்க்கும் கியூ.ஏ. மேடம் சொன்னார். அதனால்தான் உள்ளே யாரும் வேகமாக நடப்பதில்லை, கையை வீசுவதில்லை, தேவையில்லாமல் பேசுவதில்லை. காலேஜில் கிருமிகளின் பெயரை மனப்பாடம் செய்தோமே தவிர, எப்படி நிற்க வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லித்தரவில்லை.

இதில் பாஸானாலும் ஃபில்லிங் அறைக்குள் விடமாட்டார்கள். முதலில் மீடியா ஃபில் இருக்கிறது. மருந்துக்குப் பதில் சோயாபீன் கேசீன் திரவத்தைக் குப்பிகளில் அடைத்து 14 நாள் இன்குபேட்டரில் வைப்பது. திரவம் கலங்காமல் தெளிவாக இருந்தால் நம் கை சுத்தம். கிருமி வளர்வதற்கென்றே உள்ள சாப்பாட்டைக் கொடுத்து, வளராமல் காட்டு என்கிறார்கள். நியாயமான பரீட்சை.

30 ஜனவரி, வியாழன்

பாஸ். ஆந்திரப் பெண்ணும் பாஸ்.

4 பிப்ரவரி, செவ்வாய்

முட்டை செக்‌ஷன். கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பூசி இங்கேதான் தொடங்குகிறது. இது கடை முட்டை இல்லை. குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் எதுவும் இல்லாமல் தனியாக வளர்க்கும் கோழிகளின் முட்டை, எஸ்.பி.எஃப். என்பார்கள். அடைவைத்து ஒன்பது, பத்து நாளானதும் எங்களிடம் வரும்.

இருட்டறையில் முட்டையை விளக்கின் மேல் வைத்ததும் உள்ளே ரத்தக் குழாய்கள் சிவப்பாகக் கிளைவிட்டுத் தெரிகின்றன. நடுவில் கரும்புள்ளியாகக் கரு, சட்டென்று ஒரு துள்ளல். துள்ளாதது ஒதுக்கப்படும். காற்றறையின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து, குழாய் இல்லாத இடமாகப் பார்த்து ஒரு புள்ளி. அங்கே ஸ்பிரிட் துடைத்து, சின்னத் துளை போட்டு, கருவைச் சுற்றியுள்ள அலண்டாயிக் திரவத்துக்குள் வைரஸை ஊசியால் விட்டு, மெழுகால் அடைப்பு. எனக்கு இன்று பென்சில் வேலை மட்டும்.

செக்‌ஷன் அண்ணன் பேசிக்கொண்டே செய்கிறார், கை தப்புவதே இல்லை. முதல் 24 மணி நேரத்தில் சாகும் முட்டைகளை எடுத்துவிட வேண்டும் என்றார். அது வைரஸ் கொன்றது இல்லை, ஊசி குத்தியதில் போனது. முடிவில் அறுவடைக்கு முன் ராத்திரி முழுக்க 4 டிகிரி குளிரில் வைப்பார்கள். ரத்தக் குழாய்கள் சுருங்கினால்தான் திரவத்தில் ரத்தம் கலக்காது. "ஃப்ளூ ஊசியும் முட்டையிலதான்மா செய்யறாங்க. மனுஷனுக்கானாலும் கோழிக்கானாலும் சமையல் ஒண்ணுதான்," என்றார்.

7 பிப்ரவரி, வெள்ளி

அறுவடைத் திரவத்தில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட். பள்ளம் பள்ளமான தட்டில் திரவத்தைப் பாதி, பாதியாக நீர்க்கச் செய்துகொண்டே போய், ஒவ்வொரு பள்ளத்திலும் கோழி ரத்த அணுக்களை விட்டோம். வைரஸ் உள்ள பள்ளத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி வலையாகப் பரவி நிற்கும். இல்லாத இடத்தில் அடியில் இறங்கிச் சட்டைப் பொத்தான் மாதிரி உட்கார்ந்துவிடும். மூன்றாம் செமஸ்டரில் இதைப் படமாக வரைந்து ஐந்து மார்க் வாங்கியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது இன்றுதான்.

16 பிப்ரவரி, ஞாயிறு, காவேரிப்பட்டணம் பக்கம் வீட்டில்

கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு மாட்டாஸ்பத்திரியிலிருந்து வந்து, நம் வீட்டுக் கோழிகளுக்கு ரெக்கைக்கு அடியில் போட்டுவிட்டுப் போனார்களாம். வெயில் ஏறுவதற்குள் போட்டதில் அம்மாவுக்கு நிம்மதி. குஞ்சுகளுக்கு ஏன் போடவில்லை என்று கேட்டாள். எட்டு வாரம் ஆகட்டும், இந்த ரகம் குஞ்சு தாங்காது, அதுகளுக்குக் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்து தனி என்றேன். ராணிப்பேட்டையில் 1932இலிருந்து கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் இருப்பதையும் சொன்னேன். "அப்ப அங்கயே உனக்கு ஒரு வேலை கேக்க வேண்டியதுதானே பாப்பா" என்றாள்.

ஆந்திரா கோதாவரிப் பக்கம் பறவைக் காய்ச்சல். இங்கே கறிக்கடையில் கூட்டமே இல்லை. அதற்கு நீங்கள் ஊசி செய்யவில்லையா என்று பக்கத்து வீட்டு மாமா மடக்கினார். அந்தக் கொடிய வகைக்கு இந்தியாவில் கோழிக்கு ஊசி போடுவதில்லை, கண்டுபிடித்து அழிப்பதுதான் வழி என்றேன். அவர் நம்பவில்லை.

21 பிப்ரவரி, வெள்ளி

செய்த வேலையைப் பதிவேட்டில் எழுதும் வகுப்பு. செய்தவுடன் எழுது, நீலப் பேனா, அடித்தால் ஒற்றைக் கோடு, கையெழுத்து, தேதி. எல்லாரும் கொட்டாவி விட்டோம். சார் 2008ஐ எடுத்தார். அந்த ஜனவரியில் குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், கசௌலி ஆராய்ச்சி நிலையம் என்று தடுப்பூசி செய்யும் மூன்று அரசு நிறுவனங்களுக்கும் தயாரிப்பு உரிமத்தை மத்திய அரசு நிறுத்திவைத்தது. உற்பத்தி முறை தரத்துக்கு இல்லை என்று காரணம். திரும்பக் கிடைத்தது 2010இல். குன்னூர் 1907இலிருந்து இருக்கும் இடம். கட்டடத்தைச் சரிசெய்யச் சொல்வது சரி. மூன்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தியது எனக்கு இன்றைக்கும் ஒப்பவில்லை. சாரிடம் சொன்னேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை.

2 மார்ச், ஞாயிறு

போன பேட்ச் அக்கா போன் செய்தாள். ஹைதராபாத்தில் சேர்ந்துவிட்டாளாம். வருஷம் முடிந்ததும் எல்லாரும் அங்கேயோ புனேவுக்கோதான் போகிறார்கள். செங்கல்பட்டில் நூறு ஏக்கரில் தடுப்பூசி வளாகம் கட்டி வைத்திருக்கிறார்கள், 2021 மே மாதம் முதல்வர் ஸ்டாலின்கூடப் போய்ப் பார்த்தார். இன்னும் ஓடவில்லை. பாதி உதவித்தொகை கொடுத்து எங்களைப் பழக்கும் அதே மத்திய அரசின் நிறுவனம்தான் அது. ஒரு கை பழக்குகிறது, இன்னொரு கை பூட்டி வைத்திருக்கிறது.

டிசம்பர் பணம் வந்தது. ஜனவரி வரவில்லை.

6 மார்ச், வியாழன்

அடுத்த வாரம் லையோ செக்‌ஷன். உறையவைத்து, வெற்றிடத்தில் நீரை ஆவியாக்கிக் குப்பியில் காய்ந்த வில்லையாக எடுப்பது. ஒரு லோடு ராத்திரியும் ஓடும் என்பதால் நைட் ஷிஃப்ட். ஹாஸ்டல் வார்டன் கம்பெனி லெட்டர் இல்லாமல் ஒன்பது மணிக்கு மேல் கேட் திறக்கமாட்டாராம். எச்.ஆர். திங்கட்கிழமை தருகிறேன் என்கிறார், ஷிஃப்ட் ஞாயிறு ராத்திரி.