சொன்ன தேதி

"பையருக்கு நீங்க தேதி தவறுனதே இல்லைங்க சார். எங்களுக்குச் சொன்ன தேதியில என்னைக்காவது துணி வந்திருக்குதுங்களா?"

பையர் எனப்படும் வெளிநாட்டு வாங்குநருக்கு ஆடை அனுப்பும் எங்கள் திருப்பூர் கம்பெனிக்கு ஜாப் ஒர்க்கில் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள்காரர், செக்கிங் மேசையருகே நின்று கேட்டார். "சாயப்பட்டறையில இருந்து வந்தாத்தானே அனுப்ப முடியும்?" என்றேன். அது பொய்யன்று; ஆயினும் அவர் கேட்டதற்கு அது பதிலில்லை என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

விலையில் போட்டியிடாமல், 75 நாளில் சரக்கு ஏறும் என்ற உறுதியை விற்பது என்று அவ்வாண்டு நிர்வாகம் முடிவெடுத்திருந்தது. அதைத் தேதிகளாகப் பிரித்து நடத்துவது என் வேலை. லேப் டிப் (சாய நிறத்தின் மாதிரித் துண்டு) ஒப்புதல், நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்துவது), கட்டிங் என எங்கே நாள் நழுவினாலும் அதை ஈடுகட்ட எனக்கிருந்த ஒரே இடம் தையல்தான். நிறம் ஒத்துவராத துணி மறுபடி சாயத்துக்குப் போயாக வேண்டும். தூத்துக்குடியில் கப்பல் நிற்காது. அதைத் தவறவிட்டால் எங்கள் செலவில் விமானத்தில் அனுப்ப நேர்ந்து, அந்த ஆர்டரின் லாபம் முழுவதும் போய்விடும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைக் கண்ட பிறகு, பட்டறை கிடைப்பதே பெரிது என்று, திருப்பூரில் சாயக்காரரிடம் குரலை உயர்த்த எங்களில் யாருக்கும் துணிவில்லை. ஆகவே அட்டவணையில் தையலுக்கு 14 நாள் என்றிருக்கும், பவர் டேபிள்காரர் கைக்கு வருவது எட்டு நாளாக இருக்கும்.

அவருக்கும் இதில் ஆதாயம் உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. தேதி தவறாததால்தான் பையர் திரும்பத் திரும்ப ஆர்டர் கொடுத்தார். அதனால்தான் அவருடைய மெஷின்களும் ஓடின. ஆனால் துணி வராத நாளில் பீஸ் ரேட் தையல்காரர்களுக்குக் கூலியில்லை என்பதும், வந்தபின் அவர்கள் விடிய விடியத் தைக்கிறார்கள் என்பதும், சனிக்கிழமைச் சம்பளத்தில் அந்த ஏற்ற இறக்கம் தெரியும் என்பதும் எனக்குத் தெரியாதவையல்ல. என் மாத அறிக்கையில் அவற்றுக்குக் கட்டம் இல்லை. அதிலிருந்த வரிசைகள் எல்லாம், தேதி தவறவில்லை என்று, பச்சையாகவே இருந்தன.

80 நாள் கேட்கலாமா என்று முதலாளியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "பங்களாதேஷுக்குப் போயிருவாங்க" என்றார். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம், நான் வற்புறுத்தவில்லை.

இப்போது துணி தாமதமாகும் என்று தெரிந்தவுடன் பவர் டேபிள்காரரை அழைத்துச் சொல்லிவிடுகிறேன். "சரிங்க சார்" என்கிறார். அந்த நாட்களில் தன் ஆட்களை வேறு கம்பெனி வேலைக்கு அனுப்புகிறாரா, வெறுமனே உட்கார வைத்திருக்கிறாரா என்று நான் இதுவரை கேட்டதில்லை.