கையைக் கழுவ முதல் துடையுங்கோ

அம்மாவுக்கு முழங்கால் நோ. குளிர் தொடங்கினால் கூடும். இரவு படுக்கப் போக முதல் வோல்டரன் ஜெல்லை ஒரு விரல் நீளத்துக்குப் பிதுக்கி இரண்டு முழங்காலிலும் தேய்ப்பார். பிறகு குசினிக்கு வந்து சோப் போட்டு நன்றாகக் கையைக் கழுவுவார். பல வருடமாகப் பார்க்கும் காட்சிதான். போன மாதம்தான் வாயைத் திறந்தேன்.

"அம்மா, கழுவ முதல் இந்தப் பேப்பரில கையைத் துடையுங்கோ."

"ஏன்?"

"தண்ணியோட போற மருந்து எங்கட நிலையத்துக்குத்தான் வருது."

"வரட்டுமன். அதுக்குத்தானே உனக்குச் சம்பளம் தாறாங்கள்."

அந்தப் பதிலுக்கு என்னிடம் உடனே ஒன்றும் இருக்கவில்லை. இந்தப் பதிவு அதற்கான பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா வலைப்பதிவு வாசிப்பதில்லை, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

சூரிச் மாநிலத்தில் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். இங்கே அதைச் சுருக்கமாக "ஆரா" என்பார்கள். முன்பெல்லாம் கலியாண வீடுகளில் "தம்பி என்ன வேலை?" என்று கேட்டால் "நகரசபையில" என்று சொல்லித் தப்பிவிடுவேன். இப்போது நேராகச் சொல்கிறேன். கேட்டவர் ஒரு அடி பின்னால் போவார், அப்புறம் பத்து நிமிடம் கேள்வி கேட்பார்.

முதலில் அந்த ஜெல். அதில் இருக்கும் நோ மருந்தின் பெயர் டிக்ளோஃபெனாக். பூசுகிற அளவில் தோலைத் தாண்டி உள்ளே போவது நூற்றுக்கு ஆறு பங்கு அளவுதான். மீதி கையில், சட்டையில், போர்வையில். அதாவது கழுவும் தொட்டியில், உடுப்புக் கழுவும் இயந்திரத்தில், குளியலறையில். குளிகையாக விழுங்கினாலும் வேறு பாதையால் ஒரு பங்கு வெளியே வந்துவிடும். எல்லாக் குழாயும் கடைசியில் எங்கள் வாசலில்தான் வந்து சேர்கிறது.

எங்கள் நிலையம் கட்டப்பட்டது இதற்காக அல்ல. 1963இல் செர்மாட் என்ற பனிச்சறுக்கு ஊரில் தைபாய்டு பரவியபோதுதான் இந்த நாடு தன் சாக்கடையைப் பற்றி வெட்கப்படத் தொடங்கியது. 1965இல் சனத்தொகையில் 14 சதவீதம் பேரின் கழிவுநீர்தான் சுத்திகரிக்கப்பட்டது. இன்று 97 சதவீதத்துக்கும் மேல். ஆறுகளில் நுரை மிதந்த காலம் போய், கோடையில் அலுவலகம் முடிந்து லிம்மாட் ஆற்றில் குதித்து நீந்திப் போகிற காலம் வந்தது. கம்பிச் சல்லடை, மணல் பிடிக்கும் தொட்டி, காற்று ஊதும் தொட்டியில் கோடிக்கணக்கான பாக்டீரியா. மலம், அமோனியா, பொஸ்பரசு எல்லாவற்றுக்கும் இது போதும்.

மருந்துகளுக்குப் போதாது. பாக்டீரியாவைக் குறை சொல்ல முடியாது. ஒரு லீற்றரில் மைக்ரோகிராம் கணக்கில், அதாவது பத்து லட்சம் லீற்றருக்கு ஒரு கிராம் என்ற அளவில் கிடக்கிற, உடைக்கவும் கடினமான ஒன்றைத் தேடித் தின்ன அதற்கு என்ன தேவை? பக்கத்திலேயே சோறும் கறியும் மிதக்கிறதே. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் எங்கள் தொட்டிகளுக்குள் எப்படி வந்ததோ அப்படியே வெளியே போகும். பாதை தெரிந்த விருந்தாளி மாதிரி.

2016இல் வந்த சட்டத்தின்படி, தெரிவு செய்யப்பட்ட நிலையங்கள் இந்த நுண்மாசுகளில் 80 சதவீதத்தை நீக்க வேண்டும். ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களை யாரும் அளக்க முடியாது. அதனால் 12ஐப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அவை குறைந்தால் மற்றவையும் குறைந்திருக்கும் என்பது கணக்கு. அந்தப் பட்டியலை முதன்முதலில் பயிற்சி வகுப்பில் பார்த்தபோது எனக்கு எங்கள் வீட்டு மருந்துப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. மெட்டோப்ரொலோல், ஹைட்ரோகுளோரோதயசைட், கண்டிசார்டன், இர்பெசார்டன்: நான்கும் பிரஷருக்கு. இதில் இரண்டு அப்பா இருந்த காலத்தில் எங்கள் மேசையில் இருந்தவை. டிக்ளோஃபெனாக் அம்மாவுடையது. கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி எனக்கே எழுதித் தந்திருக்கிறார்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குப் போடும் வில்லையில் கரண்டி கறுக்காமல் இருக்கச் சேர்க்கும் பென்சோட்ரையசோலும் அதில் இருக்கிறது.

அப்புறம் சிட்டலோபிராம், வென்லாஃபாக்சின், அமிசுல்பிரைட். முதல் இரண்டும் மனச்சோர்வுக்கு, மூன்றாவது அதைவிடக் கடுமையான மனநோய்க்கு. எங்கள் சனம் இவற்றைப் பற்றி வாயே திறக்காது. மருந்துக் கடையில் கூடப் பையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு வருவார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் நாங்கள் இரண்டு நாள் கூட்டு மாதிரி எடுத்து அனுப்பும்போது ஆய்வுகூடத்து அறிக்கையில் அவை வரிசையாக நிற்கும். யார் வீட்டிலிருந்து வந்தது என்று அதில் எழுதியிருக்காது. அது நல்லதுதான்.

சரி, எப்படி எடுப்பது? சுவிசில் இரண்டு வழி. ஒன்று ஓசோன், மற்றது கரி. டூபென்டோர்ஃபில் உள்ள நொய்கூட் நிலையம் 2014இல் நாட்டிலேயே முதலாவதாக முழு அளவில் ஓசோனுக்கு மாறியது. அதற்கு முன்பே ரேகென்ஸ்டோர்ஃபில் 2007, 2008இல் பரிசோதனை நடத்திப் பார்த்திருந்தார்கள். ஏயாவாக் என்ற நீராய்வு நிலையமும் டூபென்டோர்ஃபில்தான் இருக்கிறது. அங்கிருந்து வரும் ஆய்வாளர்கள் தொட்டி ஓரத்தில் நின்று கேள்வி கேட்டே எங்களைப் போன்றவர்களைக் களைக்க வைப்பார்கள். சூரிச் நகரின் பெரிய நிலையமான வெர்ட்ஹோல்ஸ்லி 2018இல் ஓசோனைத் தொடங்கியது.

எங்களிடமும் ஓசோன்தான். வெளியே உயரமான வெள்ளைத் தாங்கியில் திரவ ஒட்சிசன். அது ஆவியாகி உள்ளே வர, உயர் மின்னழுத்தத்தில் பொறி பறக்கவிட்டு ஓசோன் ஆக்குகிறோம். பழைய போட்டோகொப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றால் ஒரு மணம் வருமே, அது. ஆனால் அந்த மணம் வந்தால் சந்தோசப்படக் கூடாது, வெளியே ஓட வேண்டும். நுரையீரலுக்கு நஞ்சு. அதனால் தொட்டி முழுக்க மூடியிருக்கும், மிச்ச வாயுவை அழித்துத்தான் வெளியே விடுவோம்.

ஓசோன் எல்லாவற்றையும் ஒரே மாதிரித் தாக்காது. இரட்டைப் பிணைப்பு, அமைன், எலெக்ட்ரான் தாராளமாக உள்ள வளையம், இவற்றைக் கண்டால் பாயும். பாக்டீரியா தொடாத கார்பமசெபின் இங்கே வினாடிகளில் காலி. டிக்ளோஃபெனாக்கும் அப்படியே. பென்சோட்ரையசோல் கொஞ்சம் இழுக்கும். எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கக் குத்தும் அயடீன் கலந்த மருந்துகளை அது பெரிதாக அசைக்காது. பெயரே இப்போது எல்லார் வாயிலும் வரும் அந்தப் புளோரின் வேதிப்பொருட்களை (PFAS), தண்ணீர் ஒட்டாத சட்டையிலும் தாச்சியிலும் இருப்பவற்றை, ஓசோன் தொடுவதே இல்லை.

புத்தகத்தில் இவ்வளவும் அழகாக இருக்கும். நிஜத்தில் எவ்வளவு ஓசோன் போடுவது என்பதுதான் தினசரித் தலையிடி. தண்ணீர் ஓசோனுக்குள் போக முதலும் வந்த பிறகும் 254 நனோமீற்றர் புறஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளப்போம். பாதிக்குக் கிட்டக் குறைந்திருந்தால் மருந்துகளும் குறைந்திருக்கும் என்று நம்பலாம். நாலைந்து வருடத்துக்கு முன் ஒரு தை மாதக் காலை, அந்தக் குறைவு 15 சதவீதத்துக்கு விழுந்திருந்தது. ஓசோன் இயந்திரம் ஓடுகிறது. அளவும் சரி. நான் உடனே அளக்கும் கருவியின் கண்ணாடியில் பாசி என்று முடிவு கட்டினேன். கழற்றினேன், துடைத்தேன், மறுபடி பூட்டினேன், இரண்டு மணித்தியாலம் அநியாயமாகப் போனது. கூட வேலை செய்யும் ஒரு வயதான சுவிஸ்காரர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து, "நைட்ரைட் பார்த்தாயா?" என்றார்.

பார்க்கவில்லை. குளிரில் பனி உருகிய தண்ணீர் வந்து, அமோனியாவை நைட்ரைட்டாக்கும் பாக்டீரியா வேலை செய்ய, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா சோர்ந்துபோயிருந்தது. ஒரு மில்லிகிராம் நைட்ரைட் நைதரசன் சுமார் 3.4 மில்லிகிராம் ஓசோனைத் தின்னும். நாங்கள் லீற்றருக்குப் போடுவதே இரண்டு, மூன்று மில்லிகிராம்தான். பந்தி வைக்க முதலே சோறு முடிந்த கதை. ஓசோனை நாங்கள் கூட்டவில்லை. முன் தொட்டியில் காற்றைக் கூட்டிப் பாக்டீரியாவைத் தேற்றினோம். நாலு நாள் எடுத்தது. விலை கூடின கடைசிக் கட்டம் எவ்வளவு நவீனமாக இருந்தாலும், பழைய தொட்டியில் உள்ள பாக்டீரியா சுகமாக இருந்தால்தான் அது வேலை செய்யும் என்பதை அந்த நாலு நாளில் படித்தேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஓசோன் மருந்தை இல்லாமல் ஆக்குவதில்லை. உடைத்து வேறொன்றாக்குகிறது. துண்டுகளில் சில பாக்டீரியாவுக்குத் தின்ன வசதியானவை, அதனால் ஓசோனுக்குப் பிறகு மணல் வடிகட்டி வைத்து அங்கே குடியிருக்கும் பாக்டீரியாவிடம் கொடுக்கிறோம். தண்ணீரில் புரோமைடு அதிகமாக இருந்தால் ஓசோன் அதைப் புரோமேட்டாக மாற்றும். அது புற்றுநோய் வரவைக்கக்கூடியது. குப்பை எரிக்கும் ஆலைத் தண்ணீர் வந்து சேரும் இடங்களில் இந்தப் பயம் உண்டு. அப்படிப்பட்ட ஊர்கள் கரிப் பக்கம் போகின்றன. ஹெரிசாவ் 2015இல் தூள் கரியோடு தொடங்கிய ஊர்களில் ஒன்று.

எனக்குத் தனிப்பட்ட முறையில் கரி பிடிக்கும். மருந்து அதில் ஒட்டிக்கொள்ளும், கரி சேற்றோடு சேரும், சேறு எரியும். இங்கே கழிவுச் சேற்றை வயலில் போடத் தடை. கணக்கு அங்கேயே முடிகிறது. என்ன, கரி மலிவில்லை, செய்வதற்கும் எரிசக்தி வேண்டும். ஒரு முறை வந்த விற்பனையாளர் மாதிரிப் போத்தல்களை மேசையில் அடுக்கினார். ஒன்று தேங்காய்ச் சிரட்டைக் கரி, இலங்கையிலிருந்து. அம்மா இஸ்திரிக்கைப் பெட்டிக்குள் போட்ட அதே சிரட்டை, கம்பனிப் பெயர் பொறித்த லேபலோடு திரும்பி வந்திருக்கிறது. ஆனால் அதன் துளைகள் மிகச் சிறியவை. குடிநீர் வடிகட்டிக்கு அருமை, எங்கள் அழுக்குத் தண்ணீருக்கு நிலக்கரியில் செய்ததே தோது என்றார். மனதுக்குள் கொஞ்சம் ரோசம் வந்தது உண்மை.

காசு யார் தருகிறார்கள் என்று கேட்பீர்கள். கழிவுநீர் நிலையங்கள் ஆளுக்கு வருடம் 9 பிராங்க் வரை மத்திய நிதிக்குக் கட்டுகின்றன, அது வீட்டுத் தண்ணீர்ப் பில்லில் வரும். அந்த நிதி புதுக் கட்டுமானத்தில் 75 சதவீதத்தைத் தாங்கும். பக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் வேறு வழி எடுத்தது: மருந்தும் அழகுசாதனமும் செய்கிறவர்கள் செலவில் குறைந்தது 80 சதவீதம் கட்ட வேண்டும். மருந்து நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. நான் அந்த ஐரோப்பியச் சட்டத்தின் பக்கம். ஜெல் விற்கிறவனுக்கு லாபம், கையைத் துடைக்கிற பேப்பர் மட்டும் என் செலவா?

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. வேறு ஒன்று சொன்னேன். இங்கே குடிக்கிற தண்ணீரில் பெரும்பங்கு நிலத்தடியிலிருந்தும் ஊற்றுகளிலிருந்தும் வருகிறது, ஆற்றங்கரைகளில் ஆறே நிலத்துக்குள் ஊறுகிறது என்றேன். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, சுண்ணக்கல்லுக்குள் ஊறுகிற மழைதான் கிணறு. மலக்குழியும் உரமும் சேர்ந்து அந்தக் கிணறுகளில் நைட்ரேட் ஏறிய கதை அவருக்குத் தெரியும்.

"அப்ப உங்கட ஆறும் எங்கட கிணறு மாதிரித்தான்," என்றார்.

"ஓம்."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே."

அன்றிலிருந்து ஒழுங்காகத் துடைக்கிறார். ஒரு கிழமை கழித்துக் குசினிக் குப்பைத் தொட்டியைப் பார்த்தேன், ஒரு பேப்பர் கூட இல்லை.

"அம்மா, துடைச்ச பேப்பரை எங்க போடுறனீங்கள்?"

"வேற எங்க. கக்கூசுக்குள்ள போட்டுத் தண்ணியை அடிச்சு விடுறன்."